வருகைக் குறைவு

இரண்டு மணி பத்து நிமிடம். நான்கு மணிக்குள் எழுதி டீன் அறையில் கொடுத்துவிட வேண்டும். நாளைக் காலையில் அவர் வெளியூர் போகிறார், திரும்பி வருவதற்குள் ஹால் டிக்கெட் அச்சுக்குப் போய்விடும். ஆகவே இன்றைக்கே, இந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குள்ளேயே, வெள்ளச்சி ஒன்றரை வரி எழுதியாக வேண்டும். ஒன்றரை வரி பெரிய காரியமில்லை. பதினோரு வருஷமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, கூடவே பழங்குடி மாணவர் நலப் பிரிவையும் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஒன்றரை வரி என்பது பேனா மூடியைத் திறந்து மூடுகிற நேரம். ஆனால் மூடி திறந்து அரைமணி ஆகிறது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் டக் என்றது. நூலகத்தின் பின்பக்கம், முன்பு கிழிந்த புத்தகங்களைப் போட்டு வைத்திருந்த அறையைத்தான் நலப் பிரிவுக்குக் கொடுத்திருந்தார்கள், இன்னும் அந்தப் பழைய காகித வாடை போகவில்லை, அல்லது போய்விட்டு அவள் மூக்கில் மட்டும் தங்கியிருக்கிறதோ என்னவோ. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு, அதற்கு மேல் தூங்குமூஞ்சி மரம். கதவுக்கு வெளியே பெஞ்சில் தீர்த்தம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் இருமினால் கேட்கும். ஆனால் அவள் இருமவில்லை, செருப்பைத் தேய்க்கவில்லை, போனில் பேசவுமில்லை. ஒரு ஆள் இப்படிச் சத்தமில்லாமல் காத்திருந்தால் உள்ளே இருப்பவருக்குத்தான் உறுத்துகிறது என்று நினைத்தாள் வெள்ளச்சி. பிறகு, அப்படியொன்றும் உறுத்தவில்லையே, சும்மா அப்படி நினைத்துக்கொள்கிறேன் என்றும் நினைத்தாள்.

வருகைக் குறைவை மன்னிக்கக் கோரும் விண்ணப்பம். மன்னிக்க. யார் யாரை. முதல் ஆறு கட்டங்களையும் அந்தப் பெண்ணே நிரப்பியிருந்தாள், வரைபடத்தில் ஆறுகளுக்குப் பெயர் எழுதுகிற மாதிரிச் சின்னச் சின்ன எழுத்தில். பெயர் சி. தீர்த்தம்மாள். இளநிலை புவியியல், இரண்டாம் ஆண்டு. ஊர் ஜவ்வாது மலையில் மேல்கொட்டாம்பட்டு. வருகை ஐம்பத்தெட்டு சதவீதம். வராத நாட்கள் இருபத்தாறு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. ஏழாவது கட்டம் மட்டும் காலி. காரணம், பொறுப்பாளர் எழுத வேண்டியது. அதற்குக் கீழே அச்சிலேயே நாலைந்து காரணங்கள் போட்டிருக்கும், நோய், விளையாட்டு, தேசிய மாணவர் படை, நெருங்கிய உறவினர் மரணம், இதர. அவளுடைய பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இதரவில்தான் வருவார்கள். தேன் எடுக்கும் காலம் இதர. காப்பித் தோட்டத்துக்கு அப்பா அம்மா போய்விட்டதால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டது இதர. பஸ் மலையேறாத மழை இதர. விடுதியில் எவளோ ஒரு பிள்ளையின் பாயைத் தள்ளி வைத்ததால் அது சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனது இதரவிலும் வராது, அதற்கு நோய் என்று எழுத வேண்டும். இதர என்று டிக் போட்டால் அதற்குப் பக்கத்தில் ஒன்றரை வரி எழுத வேண்டும், அந்த ஒன்றரை வரி எப்படி முடிய வேண்டும் என்பது வெள்ளச்சியின் கைக்குத் தெரியும். மலைவாழ் மாணவி, வறிய குடும்பச் சூழல், கருணையுடன் பரிசீலிக்கலாம். கருணையுடன் பரிசீலிக்கலாம் என்பது வரை கை தானாக ஓடும், அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைக்கும்போதுதான் தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு ஞாபகம் வரும். பதினோரு வருஷத்தில் எத்தனை கருணை. ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்து என்ன ஏது என்று கேட்பாள், கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. எப்போது நின்றது அது. ஒருநாள் நின்றது என்று சொல்லிவிட முடியாது, ஊற்றுத் தண்ணீர் குறைகிற மாதிரி, ஒருநாள் குடத்தைக் கொண்டுபோய் வைத்தால் நிரம்பவில்லை, அவ்வளவுதான். இப்போது சாப்பாடு இறங்குகிறது. இன்றைக்குக்கூட எலுமிச்சம்பழச் சோறு, அப்பளம், நன்றாக இறங்கியது.

போன வருஷமும் இதே தீர்த்தம்மாளுக்கு எழுதினாள். அப்போது பதினைந்து நாள். ஏன் வரவில்லை என்று கேட்கக்கூட இல்லை, மூன்று மணிக்கு வகுப்பு இருந்தது, நின்றபடியே எழுதினாள்: தாயாருக்குக் கடுமையான நோய், கருணையுடன் பரிசீலிக்கலாம். பெண் படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். டீன் கையெழுத்துப் போட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டியது, ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மாள் வந்துவிட்டார். சிவப்புச் சேலை, கையில் ஒரு மூட்டை சாமை, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றுகொண்டு. டீன் ரகோத்தமன் நல்ல மனிதர், எல்லோரிடமும் இரண்டு வார்த்தை பேசுவார், பெண்ணின் பேரைக் கேட்டதும் ஞாபகம் வந்து, “இப்ப உடம்பு தேவலையாம்மா?” என்றார். “எனக்கின்னா சாமி, கல்லாட்டம் கீறேன். பொறந்ததுலேர்ந்து ஒரு ஊசி போட்டதில்ல,” என்றார் அந்த அம்மாள், சந்தோஷமாக, கையை மடக்கிக் காட்டினார்கூட. டீன் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெள்ளச்சியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. உங்க ஆளுங்க அப்படித்தான் என்கிற மாதிரி இருந்தது, அல்லது நீங்களும் பாவம் என்னதான் பண்ணுவீங்க என்கிற மாதிரி. கோபமாக இருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கு அவள் முகம் சுடவில்லை, சுடும் என்று காத்திருந்தாள், ஒன்றும் நடக்கவில்லை, சாமை மூட்டையை வாங்கி இந்த அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மாதம் கழித்து அதில் வண்டு விழுந்தது.

இரண்டு முப்பத்தைந்து. முதல் எழுத்தை எழுதிவிட்டால் மீதி வந்துவிடும். ம. மலைவாழ் என்பதற்கு ம. மஞ்சள் காமாலை என்பதற்கும் ம. காலையில் தீர்த்தம்மாளே சொன்னாள், “மஞ்சக்காமாலைன்னு எழுதிடுங்க மேடம். போன வாட்டி அம்மாவுக்குன்னு எழுதி அவங்க வந்து நின்னுட்டாங்க. இந்த வாட்டி எனக்குன்னே எழுதிடுங்க.” கிண்டலா என்று பார்த்தாள், இல்லை, கத்திரிக்காய் வாங்கி வரச் சொல்கிற குரல். இருபது வயதில் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது. என்னிடமிருந்து வந்திருக்கும். வளாக மருத்துவமனை டாக்டரம்மா கேள்வி கேட்காமல் சான்றிதழ் தருவார், ஒரு போன் போதும், இருபத்தாறு நாளுக்குக் காமாலைதான் சரி, காய்ச்சல் அவ்வளவு நாள் தாங்காது. போனைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து அதுவே அடித்தது, திரையில் அவளுடைய பழைய ஆசிரியை கனகவல்லி மேடம். எடுக்காமல் இருக்க முடியாது. மதியம் தூங்கி எழுந்து காப்பி குடித்ததும் கனகவல்லி மேடம் யாருக்காவது போன் செய்வார், ஓய்வு பெற்று பத்து வருஷமாகிறது, கண் சரியாகத் தெரியவில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். “வெள்ளச்சி, பிஸியாம்மா?” “இல்ல மேடம், சொல்லுங்க.” “ஒண்ணுமில்ல, பேப்பர்ல பழங்குடிப் பொண்ணு ஒண்ணு டாக்டருக்குச் சேர்ந்திருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரி படிச்சுக் காட்டினா. உடனே உன் ஞாபகம். அன்னைக்கு நான் மட்டும் நாலு வார்த்தை எழுதலைன்னா நீ ஆட்டுக்குப் பின்னாடி போயிருப்பேடி. நெனச்சா எனக்கே பெருமையா இருக்கு.” “ஆமா மேடம்.” “நீயும் இப்ப நாலு பேருக்கு எழுதறே இல்ல?” “எழுதறேன் மேடம்.” “எழுது, எழுது. கை வலிக்க எழுது.” வைத்துவிட்டார்.

நாலு வார்த்தை இல்லை, மூன்று வரி. அந்த மூன்று வரியும் வெள்ளச்சிக்கு மனப்பாடம், கனகவல்லி மேடத்துக்கு மறந்திருக்கும். இருபத்து நாலு வருஷம் முன்பு, வேறொரு கல்லூரி, வேறொரு படிவம், அவளும் இரண்டாம் ஆண்டு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரே பெண். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை, நாற்பது நாள். நோயில்லை, சாவில்லை, வயலில் வேலைகூட முடிந்துவிட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் பையை எடுத்துத் தோளில் மாட்டுவாள், பஸ் வரும், பஸ் போகும், பையைக் கழற்றி வைப்பாள். விடுதியில் யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை, ஒன்றரை வருஷமாக. தட்டை எடுத்துக்கொண்டு அவள் போய் உட்கார்ந்தால் அந்த மேசை மெதுவாகக் காலியாகும், சண்டையில்லாமல், மரியாதையாக. இதை யாரிடம் என்ன காரணம் என்று சொல்வது. மேசை காலியானது என்றா. கடைசியில் எப்படியோ பஸ் ஏறிவிட்டாள். கனகவல்லி மேடம்தான் அவளுடைய வகுப்பு ஆசிரியை, அவளைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார், நிஜமாகவே கண்ணீர் விட்டார், உடனே படிவத்தை எடுத்து விறுவிறுவென்று எழுதி அவள் கையிலேயே கொடுத்து முதல்வரிடம் கொண்டுபோகச் சொன்னார். நீளமான வராந்தா அது, ஒரு பக்கம் முழுக்க தூண்கள். நாலாவது தூணில் நின்று படித்தாள். மாணவி மலைவாழ் இனத்தைச் சேர்ந்தவர். நேரம், ஒழுங்கு பற்றிய அறிவு இவர்களது சூழலில் கிடையாது. தெரியாமல் செய்த பிழையாகக் கொண்டு கருணையுடன் பரிசீலிக்கலாம். கோழி கூவும் முன்பே எழுந்து விளக்கில்லாமல் வாசல் பெருக்குகிற வீடு அவளுடையது. ஆனால் அப்போது கோபம் வரவில்லை, அதுதான் விசித்திரம். ஒருவேளை நிஜமாக இருக்குமோ என்று தோன்றியது. அறிவு கிடையாது. அப்படியானால் அந்த மேசைகள் காலியானதும் சரிதானோ. படிவத்தை மடித்தாள், பிறகு மடிக்கக் கூடாதோ என்று பிரித்து உள்ளங்கையால் நீவினாள், முதல்வர் அதன் மேல் கையெழுத்துப் போட்டார். அதனால்தான் பரீட்சை, அதனால்தான் பட்டம், அதற்கு மேல் பட்டம், அதற்கு மேல் இந்த நாற்காலி. அந்த மூன்று வரியைச் சுரண்டி எடுத்தால் நாற்காலியும் கூடவே வந்துவிடும். அந்த வரிக்கு அவள் நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லிக்கொண்டும் இருக்கிறாள், ஆமா மேடம், ஆமா மேடம். ஆனால் அவள் கை அதை எழுதப் பழகியது எப்போது. அறிவு கிடையாது என்பதை விட்டுவிட்டாள், கருணையை மட்டும் வைத்துக்கொண்டாள். பெரிய வித்தியாசம் என்று நினைத்திருந்தாள்.

மூன்று மணி. மரத்தடியில் ஒரு மாணவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான், அது மாட்டி மாட்டிக் கழன்றது. தீர்த்தம்மாள் போனது எதற்கு என்பது வெள்ளச்சிக்குத் தெரியும், இன்று காலையில்தான் தெரியும், அதுவும் அவளாகக் கேட்டதல்ல, பேச்சோடு பேச்சாக வந்தது. அவர்கள் ஊரில் அறுபத்திரண்டு குடும்பம், காலங்காலமாக உழுகிற நிலத்துக்குக் காகிதம் இல்லை, வன உரிமைச் சட்டத்தில் பட்டா கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். நாலு வருஷம் கழித்து அளக்க ஆள் வருகிறது என்று செய்தி வந்தது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மூலைக்கு மூலை கருவியை வைத்துப் புள்ளி எடுப்பார்கள், ஊர்க்காரர் ஒருவர் கூட நின்று, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து ஊரில் அப்படி நின்றவருக்குப் படிக்கத் தெரியாது, ரேகை வைத்தார், பிறகு பார்த்தால் பாதி நிலம் ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது. மேல்கொட்டாம்பட்டில் படித்த பிள்ளைகள் மற்ற நாலு பேரும் திருப்பூரில், பனியன் கம்பெனியில். கிராம சபை கூடி இவளைக் கூப்பிட்டது. “மூணு நாள்னுதான் மேடம் போனேன். ரெண்டாம் நாளே மழை புடிச்சிக்கிச்சி. அளக்கிறவங்க இஸ்கூல்லயே தங்கிட்டாங்க, மழை எப்ப வெறிக்குதோ அப்ப கிளம்புவாங்க, நான் இல்லன்னா நானில்லாமயே ஆரம்பிச்சிடுவாங்க. எப்படி வர்றது?” வகுப்பில் சொல்லிக்கொடுத்த சம உயரக் கோடுகளை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் கருவி காட்டிய எல்லை தப்பு என்று நிரூபித்திருக்கிறாள், அளக்க வந்தவர் முதலில் எரிச்சல்பட்டு, பிறகு திரும்ப நடந்து வந்து புள்ளியை மாற்றியிருக்கிறார். இதையெல்லாம் சொல்லும்போது மட்டும் அந்தக் குரலில் ஏதோ இருந்தது. சொல்லி முடித்ததும், மஞ்சக்காமாலைன்னு எழுதிடுங்க மேடம்.

உண்மையை எழுதலாம். எழுதினால் கட்டம் கொள்ளுமா. கட்டத்தை விடு, டீன் கொள்வாரா. புவியியல் துறைத் தலைவரிடம் காலையிலேயே கேட்டாயிற்று, முன் அனுமதி இல்லாமல் போனது களப்பணி ஆகாது, எங்கள் துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுவிட்டார். அப்படியானால் உண்மைக்கு விலை இந்தப் பெண்ணின் ஒரு செமஸ்டர். அது என்னுடைய விலையில்லையே. நாலாவது தூணில் நின்று படித்தவள் நான், அப்போது வராத கோபத்தை இருபத்து நாலு வருஷம் கழித்து இவள் பரீட்சையை வைத்தா தீர்த்துக்கொள்வது. அது நியாயமா. பொய் எழுதி ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவது மட்டும் நியாயமா. காப்பாற்றுவது என்கிற வார்த்தையையும் யார் எனக்குள் வைத்தது. ஒரு செமஸ்டர் போனால் போன பிள்ளை திரும்பி வருவது அபூர்வம், இது அவளுக்கு நன்றாகத் தெரியும். சடையப்பன் என்று ஒரு பையன், மூன்றாம் வருஷம், ஒரே ஒரு பரீட்சை எழுத விடவில்லை, அடுத்த முறை எழுதுகிறேன் மேடம் என்று சிரித்துக்கொண்டே போனான். ஆறு வருஷம் கழித்து ஓசூர் பக்கம் பஸ்ஸிலிருந்து பார்த்தாள், இளநீர் சீவிக்கொண்டிருந்தான். கூப்பிட வாயைத் திறந்தாள், பஸ் எடுத்துவிட்டது, எடுக்காவிட்டாலும் கூப்பிட்டிருப்பாளா என்று இன்றுவரை தெரியவில்லை. தீர்த்தம்மாள் எங்கே இருப்பாள். எந்த ரோட்டோரம். பயம் என்று ஒன்று எழுந்து பாதி வழியிலேயே நின்றுவிட்டது, லிஃப்ட் மாதிரி, இரண்டு மாடிக்கு நடுவே. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பேனா முனை காய்ந்திருக்கும். ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிப் பார்த்தாள், எழுதியது. கிறுக்கலைப் பார்த்தால் ம.

மூன்று பதினைந்து. கேட்டால் என்ன. இந்த எண்ணம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை அவள் கவனித்தாள். ஐந்தடி தூரத்தில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், அந்த இருபத்தாறு நாளுக்கும் சொந்தக்காரி உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து கதவைத் திறந்தாள். தீர்த்தம்மாள் சட்டென்று எழுந்து நின்றாள். மடியில் ஒரு நோட்டு, அதில் கட்டம் கட்டமாக ஏதோ வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். “உக்காரு,” என்று சொல்லிவிட்டு வெள்ளச்சியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை, பெஞ்சின் ஒரு கால் ஆடியது.

“எழுதிட்டீங்களா மேடம்?”

“இல்ல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். காமாலைன்னு எழுதினா இன்னைக்கே கையெழுத்து ஆயிடும். நீ போனது எதுக்குன்னு எழுதினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. விடமாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன். நீ என்ன சொல்றே?”

அந்தப் பெண் வரைந்துகொண்டிருந்த பக்கத்தைப் பார்த்தாள். நோட்டை மூடினாள், திறந்தாள். “காலைல காமாலைன்னு சொன்னேன் இல்ல மேடம். இங்க உக்காந்து யோசிச்சிக்கினே இருந்தேன். நானே உள்ள வந்து சொல்லலாம்னு பாத்தேன், நீங்க எழுதிட்டு இருப்பீங்கன்னு இருந்துட்டேன்.”

“என்ன?”

“அளந்த பேப்பர் ஒவ்வொண்ணுலயும் கடைசில என் கையெழுத்து இருக்குது. உடன் இருந்தவர்னு. தேதி போட்டிருக்குது. அதே தேதில நான் காமாலையில படுத்திருந்தேன்னு இங்க ஒரு பேப்பர் இருந்துச்சின்னா? நாளைக்கி எவனாவது எடுத்து நீட்டுவான். அந்தப் பொண்ணு ஊர்லயே இல்ல, நோயில கெடந்துது, கையெழுத்து பொய்யின்னு. அறுபத்திரண்டு பேப்பரும் போயிடும் மேடம்.”

வெள்ளச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை. ஒரு மணி நேரமாக வராந்தாவும் தூணும் கனகவல்லி மேடமும் கருணையுமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன், எல்லாவற்றுக்கும் நடுவில் நானே நின்றுகொண்டிருந்தேன், ஒரு தேதியைப் பார்க்கவில்லை. வெட்கப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வெட்கம் வந்ததா என்று பார்க்க நேரமில்லை. “பரீட்சை போயிடும்,” என்றாள். “ஆமா மேடம்.” “ஆறு மாசம்.” “ஆமா.” “வீட்டுல என்ன சொல்வாங்க?” “அப்பா திட்டும். அம்மா திட்டாது.” பிறகு, யோசித்து, “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும் மேடம். பாடமெல்லாம் படிச்சிட்டேன்,” என்றாள், முதல் தடவையாகக் குரல் கொஞ்சம் இறங்கியது, தலையைத் திருப்பிச் சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தாள். வெள்ளச்சி அவள் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தாள். கனகவல்லி மேடம் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். “நீ படிச்சது வீண் போகாது” என்று சொல்ல வாயெடுத்து, அதையும் சொல்லவில்லை, போகலாம், போகாமலும் இருக்கலாம், அது அவளுக்குத் தெரியாது. “மறுபடியும் வருவியா?” என்று மட்டும் கேட்டாள். “வராம?” என்றாள் தீர்த்தம்மாள்.

உள்ளே போய் உட்கார்ந்து எழுதினாள். கை ஓடவில்லை, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக இறக்கி வைக்க வேண்டியிருந்தது, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி. மேல்கொட்டாம்பட்டு கிராம சபையின் தீர்மானப்படி, மேற்கண்ட இருபத்தாறு நாட்களும் அவ்வூர் நில அளவையில் ஊர் சார்பாக உடன் இருந்து, எல்லைகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். கட்டத்துக்கு வெளியே இரண்டு சொல் வழிந்தது. அதன் பிறகு வழக்கமான இடம் வந்தது, கை அங்கே தானாகக் க என்று எழுதத் தாழ்ந்தது, தாழ்ந்து தாளைத் தொடுவதற்கு ஒரு நூல் மேலே நின்றது. பேனாவை மூடினாள். தன் பெயரை எழுத மறந்ததை நினைத்து மறுபடியும் திறந்து எழுதினாள், முழுப் பெயர், பதவி, தேதி.

டீன் அறையில் ஏசி சில்லென்று இருந்தது. ரகோத்தமன் படித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார். “நல்ல காரியம்தாம்மா பண்ணியிருக்கு பொண்ணு,” என்றார். “ஆனா இதை நான் எதுல போடறது? இதரன்னா மூணு நாள், நாலு நாள் பண்ணலாம். இருபத்தாறு நாள். நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?” “நடந்ததைத்தான் எழுதியிருக்கேன் சார்.” “அது சரி. அது சரிம்மா.” குரலைத் தாழ்த்திக்கொண்டார், “ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டாங்க. இப்பவே போடறேன். நான் என்ன கண்டேன்?” அவர் மனதாரத்தான் சொன்னார், கதவு வரை வந்து திறந்து விடுகிற மாதிரி. “வேண்டாம் சார்.” “பொண்ணோட லைஃப்பும்மா.” “அவதான் வேண்டாம்னுட்டா.” அவர் அவளைப் பார்த்தார். போன வருஷப் பார்வை இல்லை இது, அதைவிட நல்லதா கெட்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, அவள் என்ன மொழியில் பேசினாள் என்று யோசிப்பவர் மாதிரி இருந்தார். பிறகு பச்சை மையில் எழுதினார்: பொறுப்பாளர் தெரிவித்த காரணம் படித்துப் பார்க்கப்பட்டது. விதிகளில் இடமில்லாததால் இப்பருவத் தேர்வெழுத அனுமதி இல்லை. அடுத்த பருவத்தில் எழுதலாம். கையெழுத்து, தேதி. “ஸாரிம்மா,” என்றார். பரவாயில்லை சார் என்று சொல்வது வழக்கம். அவள் சொல்லாமல் வந்துவிட்டாள், வராந்தாவில் பாதி தூரம் வந்த பிறகுதான் சொல்லவில்லை என்பது உறைத்தது.

வெளியே தீர்த்தம்மாள் நின்றிருந்தாள். வெள்ளச்சி தாளை அவள் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தாள், பச்சை மையை ஒரு தரம், ஏழாவது கட்டத்தை இரண்டு தரம். உதடு கோணியது, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாடிப்படியில் யாரோ இரண்டு பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அவர்கள் போகும்வரை இருவரும் ஒதுங்கி நின்றார்கள். ஏதாவது சொல்ல வேண்டும், பொறுப்பாளர் என்று ஒருத்தி இருப்பதே இந்த மாதிரி நேரத்தில் ஏதாவது சொல்லத்தானே. வெள்ளச்சி உள்ளே தேடினாள். இருட்டு அறையில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி இருந்தது, சுவர்தான் அகப்பட்டது.

“மேடம்.”

“சொல்லும்மா.”

“இது ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா?”

“இதா? இது எதுக்கு? அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு.”

“மேல நீங்க எழுதினது இருக்குதே மேடம். இருபத்தாறு நாளும் நான் அங்க இருந்தேன்னு. அதைப் படிச்சிப் பாத்தேன்னு இவ்ளோ பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டிருக்காரு. நாளைக்கி கையெழுத்து பொய்யின்னு யாராவது சொன்னா இதத்தான் நீட்டணும். இத்தினி நாளு இங்க இல்லாததாலதான் பரீட்சையே போச்சுன்னா யாரு நம்பமாட்டாங்க?” தாளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “சீல்தான் விழல.”

வெள்ளச்சி தாளை வாங்கிப் பார்த்தாள். உண்மைதான், சீல் விழவில்லை. சீல் இருக்கிற பிரிவு அலுவலகம் நான்கு மணிக்கு மூடிவிடும், நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள், கடைசியில் கிட்டத்தட்ட ஓடினார்கள், பிரிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் இக்னேஷியஸ் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்தார். “தள்ளுபடி ஆயிருக்கே மேடம்,” என்றார். “ஆமா.” “தள்ளுபடி ஆனதுக்குச் சீல் எதுக்கு? இருபது வருஷத்துல யாரும் கேட்டதில்ல.”

“போடக்கூடாதுன்னு இருக்கா?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்று அவர் இழுப்பறையைத் திறந்தார். பல்கலைக்கழகத்தின் வட்டச் சீலை எடுத்து, மைப்பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டி, எங்கே வைப்பது என்று தாளின் மேல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். தீர்த்தம்மாள் மேசைமேல் நன்றாகக் குனிந்து, ஏழாவது கட்டத்தின் ஓரத்தையும் வெள்ளச்சியின் கையெழுத்தையும் தொட்டுக்கொண்டு விழுகிற மாதிரி ஒரு இடத்தை விரலால் காட்டினாள்.

“நல்லா அழுத்திப் போடுங்க சார்,” என்றாள்.